கோவால்ஸ்கியின் மட்கார்டு

கோவால்ஸ்கியின் வண்டியை உடைத்தது எலுமிச்சம்பழம்தான் என்று சேனாபதி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். பழத்தின் மேல் பழியைப் போட்டால் பழம் என்ன எதிர்த்தா பேசப்போகிறது? உடைத்தது அவன். பக்கத்தில் நின்று, "ஏத்துங்க சேனா, நல்ல நேரம் முடியப்போவுது" என்று உசுப்பேற்றியது சிவராமகிருஷ்ணன். இரண்டு பேரும் படித்த படிப்பைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் காது குளிரும்.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் டவுன்ஹவுஸ் வரிசை முடிந்து, சாமான் கிடங்குகளும் முடிந்து, போனால் போகிறதென்று கொஞ்சம் காடு மிச்சம் இருக்கிற பக்கம் கோவால்ஸ்கியின் பண்ணை. கிடங்கு கட்டுகிறவர்கள் வந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள், மனிதர் விற்கவில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் டெலவேரில் இருக்கிறாள். கொட்டகைக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தைச் சேனாபதியின் மனைவி சாரதாவிடம், காய்கறி போட்டுக்கொள் என்று விட்டிருந்தார். குத்தகை கிடையாது, பத்திரம் கிடையாது. எப்போதாவது நாலு தக்காளி வாங்கிக்கொள்வார். ஒரு தடவை வெண்டைக்காய் வாங்கிப் போனவர், கொழகொழவென்று இருக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் துண்டு நிலம்தான் சாரதாவுக்குக் காடு. அதற்கு எரு சுமக்கவும் தண்ணீர் டிரம்மை இழுக்கவும் அவருடைய சிவப்பு ஏடிவி இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு நாலு தடிச் சக்கரம் மாட்டியது மாதிரி ஒரு வண்டி. சேறு அடிக்காமலிருக்க முன்னாலும் பின்னாலும் அகலமான பிளாஸ்டிக் மட்கார்டு. ஃபெண்டர் என்று ஊரே சொல்லட்டும், கரூர்க்காரி சாரதாவுக்கு அது மட்கார்டுதான். சாவியைக் கொடுக்கும்போது கோவால்ஸ்கி ஒரே ஒரு பேச்சுதான் பேசினார். நீ ஓட்டு, வேறு யாரும் தொடக்கூடாது. முன்னால் அங்கே கிறிஸ்துமஸ் மரம் போட்டிருந்தவன் தன் மச்சானிடம் ஒரு நாள் சாவியைக் கொடுத்தான். மறுநாள் அவன் மரக்கன்றுகளோடு ரோட்டில் நின்றான். இது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

சாரதா கரூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுத்தவள். இங்கே வந்த பிறகு விசா அவளை வேலைக்குப் போக விடவில்லை. விட்டபோது யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சேனாபதி வொய்ஃப், வான்மதி மாம், சாம்பார் நல்லா வைக்கிற ஆன்ட்டி என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே வெளியாள் கோவால்ஸ்கி. அவர் வாயில் அது "சரடா" என்று விழும். விழுந்தால் விழட்டும். அவரைப் பந்தலும் கத்திரிச் செடியும் வரிசையாக நிற்க, அந்தச் சிவப்பு வண்டியில் எருவோடு அவள் வரும்போது பார்க்க வேண்டும். நாலு ஊருக்கு மணியக்காரி மாதிரி வருவாள். அந்தத் துண்டு மண் போய்விட்டால் அவளுக்கு இங்கே மிஞ்சுவது சமையலறையும் லாண்டிரியும்தான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

நாள் புதனோ வியாழனோ, அமெரிக்காவில் ஆயுத பூஜை சனிக்கிழமைதான் வரும். சாமிக்கும் வீக்கெண்டில்தான் நேரம். அன்று காலை சாரதா சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வெளியே டிரைவ்வேயில் சேனாபதியும் சிவராமகிருஷ்ணனும் கார்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சிவராமகிருஷ்ணன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் டைரக்டர். தமிழ்ச் சங்கத்தில் முன்னாள் செயலாளர், எல்லா விஷயத்திலும் இந்நாள் ஆலோசகர். காருக்குப் பொட்டு வைத்து முடித்ததும், "ஏன் சேனா, உங்க ஏடிவி என்ன பாவம் பண்ணுச்சு? அதுவும் வாகனம்தானே?" என்றான். உங்க ஏடிவியாம். சேனாபதி அதைத் திருத்தவில்லை. சங்கத்துக்காரர்களிடம் "நம்ம ஃபார்ம்" என்று அவன் அளந்துவிட்டிருந்தது சாரதாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. சேனாபதி பொரி எடுக்கிற சாக்கில் உள்ளே வந்து, ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியிலிருந்து சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோவால்ஸ்கி மகள் வீட்டில் இருக்கிறார், அடுத்த ஞாயிறுதான் வருவார் என்பது அவனுக்குத் தெரியும்.

சுண்டல் ஆறுவதற்குள் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். வேட்டியில் சேறு.

"சாரதா, ஒண்ணும் ஆகல" என்றான் சேனாபதி.

ஒண்ணும் ஆகல என்று ஆரம்பிக்கிற ஆம்பளை எதையோ முடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். அவள் அடுப்பை அணைத்தாள்.

"என்னத்தைங்க ஒடச்சீங்க?"

"ஒடைக்கலாம் இல்ல. லைட்டா ஒரு கிராக்கு. நாலு வீல்லயும் எலுமிச்சம்பழம் வெச்சோம். ஏத்தி நசுக்கணுமில்ல? ஹேண்டிலத் திருகறேன், திருகறேன், நகரவே மாட்டேங்குது."

"அதுக்குத் திருகற ஆக்சிலேட்டர் இல்லீங்க. கட்டவெரல்ல அமுக்கறது."

"அத யாரு எழுதி வெச்சிருக்கா? கை பட்டுது, தவ்விருச்சு. முன்னால கல்லுக்கால் மாதிரி ஒரு போஸ்ட்டு."

"அந்தப் போஸ்ட்டு எங்கீயும் போகலீங்களே. நான் வந்ததுல இருந்து அங்கதான நிக்குது."

"ரிவர்ஸ் போட்டு எடுத்துட்டேன்" என்றான், ஏதோ கெட்டிக்காரத்தனத்தைக் கடைசிக்கு வைத்திருந்தவன் மாதிரி. ரிவர்ஸில் போய்ப் பின்னால் நின்ற டிரெய்லரில் இடித்ததைச் சிவராமகிருஷ்ணன்தான் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு கரண்டி சுண்டலை இலைத்தட்டில் போட்டுக்கொண்டான். "விடுங்க சிஸ்டர். திருஷ்டி கழிஞ்சுதுன்னு நெனச்சுக்கோங்க."

"ஆருக்குங்க திருஷ்டி? அந்த வண்டிமேல பட்டது உங்க ரெண்டு பேரு கண்ணுதானுங்களே."

அவள் ஊர்ப்பக்கம் அப்படித்தான். செருப்பால் அடிப்பதாக இருந்தாலும் கடைசியில் ஒரு "ங்க" போட்டுத்தான் அடிப்பார்கள். சிவராமகிருஷ்ணன் சென்னைக்காரன். மரியாதையாகத்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான்.

அவள் அப்போதே காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். முன்பக்கம் இடது மட்கார்டு சக்கர வளைவிலிருந்து விளக்கு வரைக்கும் கிழிந்திருந்தது. விரிசல் ஓரமெல்லாம் சிவப்பு வெளுத்துப் பால் வடிந்தது மாதிரி இருந்தது. பின்பக்கம் போல்ட் பிடிக்கிற காது ஒடிந்து தொங்கியது. நசுங்கிய பழம் நாலும் சேற்றில் கிடந்தன. அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை, நாலும் சுத்தமாக நசுங்கியிருந்தன. சாரதா வண்டி சீட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் பழத்தைப் பொறுக்கித் தூரப் போட்டாள்.

புதிய மட்கார்டு வாங்கிப் போடலாம் என்றால், அந்த மாடலை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டதாம். ஒஹையோவில் ஒருவனிடம் பழசு இருந்தது. அவன் கழற்றி அனுப்ப மூன்று வாரம் கேட்டான். கோவால்ஸ்கி வருவது ஞாயிறு.

அன்று மாலையே சிவராமகிருஷ்ணன் "ஆபரேஷன் ஃபெண்டர்" என்று ஒரு வாட்ஸப் குரூப் ஆரம்பித்துவிட்டான். குரூப் படத்துக்கு ஒரு பிள்ளையார். சாரதாவையும் சேர்த்திருந்தான். தினமும் சாயங்காலம் ஒரு போன் கால். யாருக்கு என்ன பொறுப்பு, எது எந்த நிலையில் இருக்கிறது, எது தடையாக இருக்கிறது என்று ஒரு பாடு பேச்சு. கால் முடிந்ததும் இரண்டு பேரும் கட்டைவிரல் படம் போட்டுக்கொள்வார்கள். அந்த ஒரு வாரத்தில் சிவராமகிருஷ்ணன் ஒரு நட்டைக்கூடக் கையால் தொடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

முதலில் சூப்பர் க்ளூ. சேனாபதி பண்ணைக்குப் போய் வண்டி நின்ற இடத்திலேயே ஒட்டிவிட்டு வந்தான். "செட் ஆயிருச்சு" என்று குரூப்பில் படம் போட்டான். மறுநாள் சாரதா போய் விரலால் சுண்டினாள், சிரங்குப் பொருக்கு மாதிரி உதிர்ந்தது. அடுத்து, இரண்டு டியூபைக் கலந்து தடவுகிற எபாக்ஸி. மட்கார்டு இரண்டையும் கழற்றி வீட்டு கராஜுக்குக் கொண்டுவந்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, வீடு முழுக்க நாற்றத்தைப் பரப்பி வைத்தான். காலையில் கிளாம்ப்பை எடுத்ததும் பசை முழுசாக, ஒரு துண்டாக, பாம்புச் சட்டை கழன்ற மாதிரி கையோடு வந்துவிட்டது.

"பிராண்டு சரியில்ல" என்றான் சேனாபதி.

"பிராண்டுங்களா, ஆளுங்களா?"

"நீ சும்மா இரு. சிவா வேற ஒண்ணு சொல்லியிருக்கான்."

சிவா சொன்னது, ஊரில் தண்ணீர்த் தொட்டி ஓட்டைக்குப் பிசைந்து அப்புகிற அடைப்பு மாவு. அதைக் கரூரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்து கராஜில் பத்திரமாக வைத்திருந்தான் சேனாபதி. முறுக்கு கொண்டுவர இடம் இல்லை என்றவன் அதற்கு இடம் வைத்திருந்தான். பிசைந்தான், அப்பினான், சப்பாத்திக் கட்டையால் சமன் செய்தான். சாரதாவின் சப்பாத்திக் கட்டை. அதுவும் ராத்திரிக்குள் கழன்று கீழே விழுந்து, கார் டயருக்கு அடியில் போய்ப் பொடியானது.

வியாழக்கிழமை மழை. கோபம் தாங்காமல் சாரதா மட்கார்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்புறத்துச் சேற்றைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். தேய்ப்பதற்கு வேறு ஏதாவது முகம் கிடைத்திருந்தால் இன்னும் நன்றாகத் தேய்த்திருப்பாள். ஸ்கூலிலிருந்து வந்த மகள் வான்மதி கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவோடு கராஜ் படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"மாம், இட் சேஸ் பி.ஈ. ரைட் தேர்."

சேறு போன இடத்தில் பிளாஸ்டிக்கிலேயே அச்சடித்திருந்தது. பி.ஈ. பாலிஎதிலீன். பால் கேனும் சோப்புத் தண்ணி டப்பாவும் செய்கிற பிளாஸ்டிக். அதன் மேல் எந்தக் கோந்தும் நிற்காது. பிசிக்ஸ் எடுத்தவளுக்கு முகம் சூடாகிவிட்டது. இத்தனை நாள் திட்டுவதிலேயே குறியாக இருந்தோமே ஒழிய, அது என்ன பிளாஸ்டிக் என்று நாமும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லையே என்று தன் மேலும் எரிச்சல் வந்தது.

சேனாபதி லேப்டாப்பை மூடிவிட்டு வந்து குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அட, இது கொடம்! சாரதா, இது பிளாஸ்டிக் கொடம்! கொடம் ஒடஞ்சா ஆராச்சும் கோந்து போடுவாங்களா? கம்பியச் சுட வெச்சு, பழைய கொடத்துத் துண்டையே உருக்கி ஒட்டுவானில்ல வீதில வர்றவன்?"

"இதச் சொல்றதுக்கு இத்தன நாளுங்களா?" என்றாள். ஆனால் அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சேனாபதி லீவு போட்டான். சாயங்காலத்து போன் காலை மட்டும் ரத்து செய்யச் சிவராமகிருஷ்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. சாரதாவே சேனாபதியின் போனை வாங்கிச் சைலண்டில் போட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு, புகை போக ஒரு ஃபேனையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெளியே தூறல். மேப்பிள் இலைகள் டிரைவ்வேயில் ஒட்டிக் கிடந்தன.

முதலில் மாவும் கோந்தும் இருந்த இடத்தையெல்லாம் பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். விரிசல் எங்கே முடிகிறதோ அந்த நுனியில் டிரில்லால் ஒரு சின்னத் துளை போட வேண்டும் என்றாள். இல்லாவிட்டால் வண்டி அதிர அதிர விரிசல் தானாக ஓடிக்கொண்டே இருக்கும்.

"துளை போட்டா இன்னும் ஒடையாதா?"

"கூர் முனை இருந்தாத்தானுங்க ஓடும். வட்டமாப் பண்ணி உட்டா நின்னுக்கும்."

அவன் எதிர்த்துப் பேசாமல் துளை போட்டான். அதுவே ஒரு அதிசயம். விரிசலின் இரண்டு ஓரத்தையும் கத்தியால் சீவி, நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம் எடுத்தார்கள். ஒட்டுக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் வேண்டும். சாரதா லாண்டிரி அலமாரியிலிருந்து சிவப்புச் சோப்புத் தண்ணி டப்பாவை எடுத்துவந்து, இருந்த சோப்பைச் சாம்பார்க் குண்டாவில் ஊற்றிவிட்டு, டப்பாவைக் கத்தரித்துக் கயிறு கயிறாக நறுக்கினாள். ஒரு துண்டை மட்கார்டின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உருக்கி ஒட்டி, ஆறவிட்டு இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பிய்த்துப் பார்த்தாள். டப்பாத் துண்டுதான் நீண்டதே தவிர ஒட்டு விடவில்லை.

"ஒரே சாதி" என்றான் சேனாபதி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

அவள் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க, அவன் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைச் சூடாக்கிப் பள்ளத்தில் வைத்து, ஒரு கையால் சிவப்புத் துண்டை ஊட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தான். முதல் விரற்கடையில் சூடு அதிகமாகி ஓட்டை விழுந்துவிட்டது. ஐயோ என்று கையை எடுத்தான். "பரவால்லீங்க, மேல ஒரு துண்டு வைங்க" என்றாள். இரண்டாவது விரற்கடை மேடும் பள்ளமுமாக வந்தது. அதற்கப்புறம் கை பழகிவிட்டது. அவசரப்படாமல், பேசாமல், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு அவன் வேலை செய்வதைச் சாரதா கல்யாணமான நாளாகப் பார்த்ததில்லை. பேசாமல் இருந்தால் நல்ல மனுஷன்தான் என்று தோன்றியது. அவன் கழுத்தில் வழிந்த வியர்வையைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள்.

அடிப்பக்கம் வெறும் பிளாஸ்டிக் மட்டும் போதாது, கம்பி வலை வைத்து அழுத்தினால்தான் தாங்கும். வலைக்கு எங்கே போவது? மாவு சலிக்கிற எவர்சில்வர் சல்லடை ஒன்று வைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, டின் கத்தரியால் வெட்டினாள். அயர்னால் அழுத்த அழுத்த வலை வெண்ணெயில் இறங்குவது மாதிரி பிளாஸ்டிக்கில் இறங்கியது. ஒடிந்த காதையும் அப்படியே கட்டினார்கள். கடைசியில் சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னைத் தூரமாகப் பிடித்துக் காட்ட, வெளுத்திருந்த ஓரமெல்லாம் மெதுவாகச் சிவப்புக்குத் திரும்பியது. ஒட்டின இடம் மட்டும் மங்கலாக, ஆறின காயத்துத் தழும்பு மாதிரி தெரிந்தது.

சாயங்காலம் அரிசியும்பருப்பும் சாதம் செய்தாள். நெய்யும் கட்டித் தயிரும் வைத்து, கராஜிலேயே கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் மூன்று தடவை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"கோவால்ஸ்கி கண்டுபுடிக்க மாட்டான் சாரதா."

"கண்டுபுடிப்பாருங்க. அவரு வண்டி. நானே சொல்லிப்போடறேன். எனக்குத் தெரியாம எடுத்தது, ஒடஞ்சுது, நாங்களே சரி பண்ணியிருக்கோம், மன்னிச்சுக்கங்கன்னு."

"சொன்னா எடம் போயிருமே."

"போவும். போகாமயும் இருக்கும். கேட்டுப் பாக்கறேன். பூண்டு நடற சமயம். இப்ப நட்டாத்தானுங்க அடுத்த வருஷத்துக்கு. அதுக்காச்சும் கெஞ்சிப் பாக்கறேன். நீங்க அங்க வாயத் தெறக்காதீங்க, அது போதும்."

"நான் எதுக்குத் தெறக்கறேன்?" என்றான் சேனாபதி.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. மட்கார்டுகளை மாட்டி, வண்டியைக் கழுவி, கொட்டகை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். சாரதா விதைப் பூண்டைப் பையில் கொண்டுவந்திருந்தாள். சொல்ல வேண்டிய இங்கிலீஷை மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டு நின்றாள். கோவால்ஸ்கி பிக்கப்பை நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அவளுக்கு ஒரு ஹலோ சொன்னார். ஹலோ முடிவதற்குள் கண் வண்டிக்குப் போய்விட்டது. நேராக வந்து இடது மட்கார்டின் தழும்பை உள்ளங்கையால் தடவினார். குனிந்து அடியில் சல்லடை வலையையும் தொட்டுப் பார்த்தார்.

"ஹூ?" என்றார்.

சாரதா வாயைத் திறந்தாள். அதற்குள் சேனாபதி ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டான்.

"மை வைஃப் ஒன்லி, சார். ஷி ஹிட் த போஸ்ட். ஐ ரிப்பேர்ட்."

உடைத்தது அவள், ஒட்டியது அவன். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு தெளிவாக அவன் எந்த மீட்டிங்கிலும் பேசியிருக்க மாட்டான். கராஜில் அந்த வாளி மேல் உட்கார்ந்து நெய் ஊற்றிச் சாப்பிட்ட மனுஷனா இவன் என்று சாரதா திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். கணக்கு அவளுக்கும் புரிந்தது. ஓட்ட உரிமையுள்ளவள் அவள். அவள் இடித்திருந்தால் அது விபத்து, கொடுத்த பேச்சை மீறியதாக ஆகாது. தலையை ஆட்டினால் காடு தப்பிக்கும்.

"சரடா?" என்றார் கோவால்ஸ்கி.

அவர் தோளுக்குப் பின்னால் அவரைப் பந்தல் ஊதாப் பூவாகப் பூத்து நின்றது. பூண்டுக்கென்று அவள் மண்வெட்டியால் கட்டி வைத்திருந்த பாத்தி கறுப்பாக ஈரத்தோடு கிடந்தது.

"யெஸ்" என்றாள். "மீ ஒன்லி."

நம் ஆட்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. தமிழில் இருக்கிற "தான்" இங்கிலீஷ் பேசும்போதும் கூடவே வந்துவிடும். நான்தான் இடித்தேன் என்று அவள் சொன்னாள். கோவால்ஸ்கி காதில் அது, நான் மட்டும்தான், வேறு யாரும் இல்லை என்று விழுந்தது.

"ஒன்லி யூ?" அவர் முகம் தெளிந்துவிட்டது. "குட். நான் கேட்டது அவ்வளவுதான்."

அவர் அப்பாவே ஒரு தடவை டிராக்டரைக் கொட்டகைச் சுவரில் விட்டாராம். இடிக்கிறது இடிக்கிறதுதான், யார் கையில் வண்டி இருக்கிறது என்பதுதான் தனக்குப் பேச்சு என்றார். குளிர்காலத்தில் இடுப்புக்கு ஆபரேஷன் இருக்கிறது, மகள் வீட்டிலேயே தங்க வேண்டி வரும், நீ இங்கே பார்த்துக்கொள் என்றார். வாய்க்கால் வரைக்கும் உள்ள நிலத்தையும் அடுத்த வருஷம் சேர்த்துப் போட்டுக்கொள் என்றார். சட்டைப் பையிலிருந்து வண்டியின் இன்னொரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பெட்டிகளை இறக்க பிக்கப் பக்கம் நடந்தார்.

சாரதாவுக்கு நாக்கு கசந்தது. ஒரு வாரமாக இரண்டு ஆண்களையும் மனசாரத் திட்டிக்கொண்டு திரிந்தவள். அப்போது அவள் பக்கம் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. இப்போது அந்தக் கிழட்டு மனிதரின் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லியாகிவிட்டது. இனிமேல் சேனாபதியை என்ன சொல்லித் திட்டுவது? அவன் சொன்ன பொய்க்கு ரசீது போட்டுக் கொடுத்ததே அவள்தானே.

"பாத்தியா?" சேனாபதி கிட்டே வந்து குசுகுசுத்தான். சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "எப்படி ஹேண்டில் பண்ணுனேன் பாத்தியா? நீ உண்மையப் பேசியிருந்தா இந்நேரம் ரோட்ல நின்னிருப்போம். இப்ப வாய்க்கா வரைக்கும் நம்முளுது. சிவாகிட்ட சொன்னா நம்பவே மாட்டான்."

அவள் பழைய சாவியையும் எடுத்துப் புதுசோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ரெண்டு சாவி இருக்குதில்ல? ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்" என்று கையை நீட்டினான். "ஒரு எமர்ஜென்சின்னா வேணுமில்ல?"

சாரதா அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அவள் கையை மூடிக்கொண்டு விறுவிறுவென்று பிக்கப் பக்கம் போனாள்.

"சாரதா, ஏய், எங்க போற?"

"சார்" என்றாள். கோவால்ஸ்கி பெட்டியோடு திரும்பினார். அவள் அடுக்கி வைத்திருந்த நல்ல இங்கிலீஷ் எதுவும் வரவில்லை. வந்தது இதுதான்.

"நாட் மீ. மை ஹஸ்பெண்ட் ட்ரோவ். ஐ டோல்ட் யூ அ லை."

இரண்டு சாவியையும் பிக்கப்பின் பானெட் மேல் வைத்தாள்.

கோவால்ஸ்கி பெட்டியைக் கீழே வைத்தார். அவள் தோளுக்கு மேலே சேனாபதியைப் பார்த்தார். சேனாபதி திடீரென்று அவரைப் பந்தலில் பூச்சி இருக்கிறதா என்று ஆராய ஆரம்பித்துவிட்டான். அவர் இரண்டு சாவியையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பனி விழுகிற வரைக்கும் வந்து, காட்டில் இருப்பதையெல்லாம் பறித்துக்கொள் என்றார். அவள் கையிலிருந்த பையைப் பார்த்துவிட்டு, பூண்டு நட வேண்டாம் என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாரதா பந்தலுக்குப் போய் அவரைக்காய் பறித்தாள். கண் மறைத்தது. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பறித்தாள். முற்றலும் பிஞ்சும் பார்க்கவில்லை, கைக்கு வந்ததையெல்லாம் பறித்தாள். அழுகைக்கு நடுவிலும் மூச்சு மட்டும் நன்றாக உள்ளே போய் வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சேனாபதி பின்னாலேயே வந்தான். "பைத்தியமா புள்ள உனக்கு? கைக்கு வந்தத எவளாச்சும் திருப்பிக் குடுப்பாளா? அந்தாளே நம்பிட்டான். உன்ன ஆரு கேட்டா? இப்ப எடமும் போச்சு, வண்டியும் போச்சு, என்ற மானமும் போச்சு. சொல்லு, உனக்கு என்ன கெடச்சுது? ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்போம்."

சாரதா பறிப்பதை நிறுத்தினாள்.

"வாயிங்க" என்றாள். "உங்களத் திட்டறதுக்கு எனக்கு ஒரு வாய் வேணுமில்லீங்களா?"

அவரைக்காய்ப் பையை அவன் கையில் திணித்துவிட்டு, அங்கேயே, பந்தலுக்கு அடியிலேயே ஆரம்பித்தாள்.